சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத சிகிச்சை

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார்" என்று ஒரு பழமொழி உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, அதனால் கருவுற்று, ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் பெண்ணின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடைக்காது. இந்தியாவில் சட்டம் அவளுக்கு வரம் கொடுத்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் கேஷுவாலிட்டி மேஜையில், ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில், பிரசவ வார்டு வாசலில் என்று வழி நெடுக பூசாரிகள் நிற்கிறார்கள். ஆளுக்கொரு காகிதம் கேட்கிறார்கள். அவள் காகிதத்துக்கு அலையும்போது வயிற்றில் வாரங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. கடைசியில் எல்லாக் காகிதமும் கிடைத்து வரும்போது, "இவ்வளவு லேட்டா வந்தா எப்படிம்மா?" என்று அதே பூசாரிகள் கேட்கிறார்கள்!

பாலியல் வன்கொடுமை என்றாலே குற்றவாளியைத் தூக்கில் போட வேண்டும், என்கவுன்ட்டரில் சுட வேண்டும் என்று ஆவேசப்படுகிற சமூகம் இது. மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போகிறது. நல்லது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலையில் என்ன சிகிச்சை கிடைத்தது, அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனபோது யாரிடம் போய்ச் சொன்னாள், எந்த டாக்டர் அவளைத் திருப்பி அனுப்பினார் என்று யாரும் கேட்பதில்லை. குற்றவாளிக்கு என்ன தண்டனை என்பதில் இருக்கும் அக்கறையில் பாதி, பாதிக்கப்பட்டவளுக்கு என்ன மருத்துவம் என்பதில் இருந்தால் கூடப் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கருக்கலைப்பு என்றாலே அது சட்டவிரோதம் என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. வன்புணர்ச்சியால் உண்டான கர்ப்பம் என்று அந்தப் பெண் சொன்னால், அந்தக் கர்ப்பம் தரும் வேதனையே அவளுடைய மனநலத்துக்குக் கடுமையான பாதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் அன்றைக்கே எழுதியிருக்கிறது. "அந்தப் பெண் சொன்னால்" என்ற இடத்தைக் கவனியுங்கள். போலீஸ் சொன்னால், கோர்ட் சொன்னால், கணவன் சொன்னால் என்று எழுதவில்லை. அவள் வாய்வார்த்தை போதும்.

2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரே ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-க்கு மேல் 24 வாரம் வரை என்றால் இரண்டு டாக்டர்கள். இந்த 24 வாரச் சலுகை யார் யாருக்கு என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலாவதாக நிற்பவர்களே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள். 18 வயது நிரம்பாத சிறுமிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பெண்ணின் உயிருக்கே ஆபத்து என்றால் வார வரம்பே கிடையாது.

சம்மதம்? 18 வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே வேண்டும். கணவன் கையெழுத்தோ, அப்பா கையெழுத்தோ, மாமியார் கையெழுத்தோ சட்டத்தில் எங்குமே இல்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் மட்டும் காப்பாளரின் எழுத்துமூலமான சம்மதம் தேவை.

டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் வந்த திருத்தம் இன்னொரு கடமையையும் சேர்த்தது. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், போலீசுக்கும் தகவல் சொல்ல வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டங்களிலும் இது அப்படியே தொடர்கிறது. சிகிச்சை தருவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு. தராவிட்டால் தண்டனை பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவு. "முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்று சொல்லும் நர்சிங் ஹோம், ஒரு குற்றத்தைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சிறுமிகள் விஷயத்தில் போக்சோ விதிகள் (2020) இன்னும் பச்சையாகவே சொல்கின்றன. அவசர சிகிச்சை தருவதற்கு முன்நிபந்தனையாக எந்தக் கோரிக்கைக் கடிதமோ, மாஜிஸ்திரேட் உத்தரவோ, வேறு ஆவணமோ கேட்கக் கூடாது.

இவ்வளவும் சாமி கொடுத்த வரம். இனி பூசாரிகளைப் பார்ப்போம்.

வாசலில் கேட்கப்படும் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: "எஃப்.ஐ.ஆர். காப்பி இருக்கா?"

கருக்கலைப்புக்கு எஃப்.ஐ.ஆர். தேவை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைப் போட்டு உடைத்தே சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டும் என்றோ, வன்கொடுமை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றோ கருக்கலைப்புச் சட்டம் கேட்கவில்லை. டாக்டர்கள் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடுவதை நிறுத்த வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. போலீசுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை. அந்த வேலையை அவள் தலையில் கட்டி, "போய் மகளிர் ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வா" என்று அனுப்புவது எந்த ஊர் நியாயம்? பாதிக்கப்பட்டவள் போலீசுக்குப் போக விரும்பாவிட்டாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன.

இரண்டாவது கேள்வி: "வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

வன்கொடுமை செய்தவனே வீட்டுக்காரனாக இருந்தால்? திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்ச்சியைக் குற்றம் என்று ஒப்புக்கொள்ள நம் தண்டனைச் சட்டம் இன்னும் தயாராக இல்லை. புதிதாக எழுதப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கணவனுக்கான விலக்கு பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதே 2022 தீர்ப்பு, கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவன் செய்ததும் வன்புணர்ச்சிதான் என்று சொல்லிவிட்டது. அப்படியிருக்க, செய்தவனிடமே போய்க் கையெழுத்து வாங்கி வா என்பது திருடனிடமே சாவியைக் கொடுத்துவிட்டு வரச் சொல்வது மாதிரி.

மூன்றாவது கேள்வி: "கோர்ட் ஆர்டர் வாங்கிட்டீங்களா?"

24 வாரம் வரை கோர்ட்டுக்கு இதில் எந்த வேலையும் கிடையாது. டாக்டர் தனக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலோ ஜவ்வாது மலையிலோ இருக்கிற ஒரு கூலித் தொழிலாளியின் மகள், வக்கீலைப் பிடித்து, மனுப் போட்டு, தேதி வாங்கி, ஆர்டரோடு வர எத்தனை நாள் ஆகும்? நல்லெண்ணத்தில் செய்த எதற்காகவும் டாக்டர் மீது வழக்குப் போட முடியாது என்று 1971 சட்டத்தின் 8-வது பிரிவே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறதே! அது போதாதா?

நான்காவது, கேள்வி கூட இல்லை: "இது போலீஸ் கேஸும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு, அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்கு. ஒவ்வொரு இடத்திலும் புதுச் சீட்டு, புது ஸ்கேன், "என்ன நடந்தது?" என்று புதிதாக ஒரு விசாரணை. நடந்ததை நான்கு முறை நான்கு முன்பின் தெரியாத ஆட்களிடம் சொல்லி முடிப்பதற்குள் அவள் நான்கு முறை செத்துப் பிழைத்துவிடுகிறாள்.

வாரக் கணக்கின் சூட்சுமம்

இந்த அலைச்சல் ஏன் இவ்வளவு ஆபத்து என்று புரிய வேண்டுமானால், கர்ப்பத்தின் வாரக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதாவது, அந்தக் கொடுமை நடந்த அன்றைக்கே கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஓடிப்போயிருக்கும். நாள் தள்ளிப்போனதை அவள் கவனிக்கும்போது நான்கு, ஐந்து வாரம். பயத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் கழித்தால் ஒன்பது வாரம். மாத்திரையிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம், அதோடு கை நழுவுகிறது. ஏனென்றால் மாத்திரைக் கருக்கலைப்புக்கு இங்கே அனுமதி ஒன்பது வாரம் வரைதான்.

சிறுமிகள் விஷயம் இன்னும் மோசம். வயதுக்கு வந்த புதிதில் மாதவிடாய் ஒழுங்காக வராது. அதனால் நாள் தள்ளினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குத் தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்றே தெரியாது. செய்தவன் பெரும்பாலும் தெரிந்தவனாக, சொந்தக்காரனாக, பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பான். வெளியே சொன்னால் அம்மாவைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி வைத்திருப்பான். கடைசியில் "வயித்து வலி" என்று ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம்.

இப்படித் தாமதமாக வருகிறவர்களை மேலும் தாமதப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

2017, பாட்னா. வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்று, காப்பகத்தில் இருந்த ஆதரவற்ற ஒரு பெண், கருவைக் கலைக்க வேண்டும் என்று அரசு மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டாள். அப்போது சட்ட வரம்பு 20 வாரம். அவள் வந்தது அந்த வரம்புக்குள். ஆனால் அப்பா கையெழுத்து அது இது என்று இழுத்தடித்தார்கள். உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 26 வாரம். இனிமேல் கலைப்பது அவள் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அப்பா கையெழுத்தைக் கேட்டிருக்கவே தேவையில்லை, தாமதத்துக்கு மாநில அரசே பொறுப்பு என்று சொல்லி 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பணம் வந்தது. போன வாரங்கள் வந்தனவா?

அதே 2017, சண்டிகர். பத்து வயதுக் குழந்தை. வயிற்று வலி என்று வந்தபோதே கர்ப்பம் மிகவும் முற்றியிருந்தது. 32 வாரத்தை எட்டிய நிலையில் ஜூலை 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஆகஸ்ட் 17-ஆம் தேதி சிசேரியன் மூலம் குழந்தை பிறந்தது. வயிற்றில் கல் இருக்கிறது, அதை எடுக்கத்தான் ஆபரேஷன் என்று அந்தச் சிறுமியிடம் சொல்லி வைத்திருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பத்து வயதுக் குழந்தை பிள்ளை பெற்றுவிட்டு, கல் எடுத்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்!

2023, குஜராத். 26 வாரத்தை எட்டிய ஒரு பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறாள். மருத்துவக் குழுவின் அறிக்கையும் வந்துவிட்டது. அதன் பிறகும் வழக்கு 12 நாள் தள்ளி வைக்கப்படுகிறது. என்னவோ வாய்க்கால் வரப்புத் தகராறு மாதிரி! உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 19-ஆம் தேதி, சனிக்கிழமை விடுமுறை நாளிலேயே கூடி, விலைமதிப்பில்லாத நாட்கள் வீணாகிவிட்டன என்று கண்டித்தது. திங்கட்கிழமை அனுமதி கொடுத்தது. அதற்குள் 27 வாரம் தாண்டிவிட்டது.

மூன்று ஊர், மூன்று கதை. வில்லன் மட்டும் ஒருவன். அவன் பெயர் தாமதம்.

கருவாவதற்கு முன்பே தடுத்திருக்கலாமே?

இங்கேதான் தமிழ்நாடு தலைகுனிய வேண்டிய ஒரு விஷயம் வருகிறது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் (கொஞ்சம் பலன் குறைந்தாலும் ஐந்து நாள் வரை) எடுத்துக்கொள்ளக்கூடிய அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமலேயே வாங்கக்கூடிய மாத்திரை. ஏற்கெனவே உண்டான கருவை அது கலைக்காது, கரு உண்டாகாமல் தடுப்பதே அதன் வேலை. ஆனால் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல வருடங்களாக இது சுலபத்தில் கிடைப்பதில்லை. கேட்டால் "அதெல்லாம் விக்கிறதில்லை" என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது, ஆனாலும் மாத்திரை இல்லை. இந்தியாவுக்கே பொதுச் சுகாதாரத்தில் பாடம் எடுக்கிற மாநிலம் என்று மார்தட்டிக்கொள்கிற ஊரில், ஒரு பெண் வாங்கக்கூடிய ஒரு மாத்திரையைக் கலாச்சாரக் காவலர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அதே 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் இருக்கிறது. 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி இருக்கிறது. காயங்களுக்குச் சிகிச்சை இருக்கிறது. இவை எல்லாமே 2014 நெறிமுறைகளில் உள்ளவை. ஆனால் வன்கொடுமைக்கு ஆளானவள் வந்தால் முதலில் நடப்பது என்ன? பரிசோதனை, ஏ.ஆர். எண்ட்ரி, போலீசுக்குத் தரும் ரிப்போர்ட். அவள் உடம்பு அங்கே ஒரு நோயாளியின் உடம்பு இல்லை. வழக்குக்கான தடயப் பொருள்.

இந்த மனோபாவத்தின் உச்சம் "இரண்டு விரல் சோதனை". ஒரு பெண் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவளா என்று பார்க்கிறேன் என்ற பெயரில் நடந்த அசிங்கம். 2013-லேயே உச்ச நீதிமன்றம் அது பெண்ணின் உரிமையை மீறுவது என்று சொன்னது. 2014 நெறிமுறைகள் கூடாது என்றன. அப்படியும் நிற்காததால் 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசிடம் இதைத் தடை செய்யச் சொல்ல வேண்டி வந்தது. அதே வருடம் அக்டோபர் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இனி இதைச் செய்கிறவர் முறைகேடு செய்த குற்றவாளியாகக் கருதப்படுவார் என்றது. ஒன்பது வருடம் சொல்லிச் சொல்லியும் விரல் மடங்கவில்லை என்றால் கோளாறு சட்டத்தில் இல்லை, பாடத்திட்டத்திலும் மனதிலும் இருக்கிறது.

பெற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்களே!

கருக்கலைப்பு மட்டுமே சிகிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. வாரம் தாண்டிவிட்டதால் பெற்றே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள், தானே விரும்பிப் பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள், ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும்போது வன்கொடுமைக்கு ஆளானவர்கள் என்று பலர் உண்டு. கர்ப்பிணி என்று தெரிந்தே வன்புணர்ச்சி செய்வதற்குச் சட்டம் குறைந்தபட்சம் பத்து வருடக் கடுங்காவல் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கர்ப்பிணிக்கு அதன் பிறகு யார் வைத்தியம் பார்க்கிறார்கள்? ரத்தப்போக்கு, குறைப்பிரசவம், நோய்த்தொற்று எல்லாவற்றுக்கும் அவளைத் தொடர்ந்து கவனித்தாக வேண்டும்.

2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அரசு காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒரு பெண் வன்கொடுமையால் கருவுற்றாள். உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. அவளோ குழந்தை வேண்டும் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. கலைப்பதற்கு அவள் சொல் போதும் என்றால், கலைக்காமல் இருப்பதற்கும் அவள் சொல்தான். குடும்ப மானத்துக்காக இழுத்துக்கொண்டு போய்க் கலைப்பதும், கருவைச் சொல்லிப் பயமுறுத்திப் பெற வைப்பதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை.

இப்படிப் பெறப்போகிற பெண்ணுக்குப் பிரசவ அறை என்பது இன்னொரு நரகம். முன்பின் தெரியாதவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் உள்பரிசோதனை செய்கிறார்கள். வலியில் கத்தினால் "அப்போ தெரியலையா?" என்று நர்ஸ் கேட்கிற வசனம் நாடறிந்தது. அந்த வசனம் இந்தப் பெண்ணின் காதில் எப்படி விழும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தொடும் முன் சொல்லுங்கள், கேட்டுவிட்டுத் தொடுங்கள், கூட ஒரு பெண் துணையை இருக்க விடுங்கள். இதற்கு எந்த மெஷினும் வாங்க வேண்டாம், டெண்டரும் விட வேண்டாம்.

சிறுமியாக இருந்தால் ரத்தசோகை, ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, இடுப்பெலும்பு வளராததால் பிரசவம் தடைபடுவது என்று ஆபத்துகள் வரிசை கட்டி நிற்கின்றன. பெற்ற பிறகு குழந்தையை வளர்க்க முடியாது என்றால், குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கவும், இரண்டு மாதத்துக்குள் மனதை மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வன்கொடுமையால் கருவுற்றவருக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு என்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டம் சொல்கிறது. ஆஸ்பத்திரி கட்டிலில் இருக்கும்போது இதை அவளிடம் சொல்வது யார்?

எதிர்த்துக் கேட்பவர்களுக்கு

"அவள் சொன்னால் போதும் என்றால் பொய் சொல்லி எல்லோரும் கலைத்துக்கொள்வார்களே?"

எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? கருத்தடைச் சாதனம் தோற்றுப்போனது என்பதையே காரணமாகக் காட்டி எந்தப் பெண்ணும் 20 வாரம் வரை கலைத்துக்கொள்ளலாம் என்று 2021 திருத்தம் சொல்கிறது. திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதற்கும் ஒரே டாக்டர் போதும். இதை விட்டுவிட்டு, வன்கொடுமை என்று சொல்லி ஊர்ப் பழியையும் போலீஸ் விசாரணையையும் யாராவது வலியப் போய் வாங்கிக்கொள்வார்களா?

"கருவைக் கலைத்தால் சாட்சியம் போய்விடுமே?"

போகாது. அகற்றிய திசுவை ஃபார்மலினில் போட்டுக் கெடுக்காமல், குளிர்ந்த நிலையில் வைத்து, டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கமான நடைமுறை. சாட்சியத்துக்காக ஒன்பது மாதம் சுமக்க வைப்பது, குற்றவாளிக்குக் கொடுக்க வேண்டிய சிறையை அவளுக்குக் கொடுப்பது.

"எங்களுக்குப் போக்சோ பயம் இருக்காதா?" என்று டாக்டர்கள் கேட்கிறார்கள்.

இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சிறுமி கருவுற்றிருப்பது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று போக்சோ சட்டம் சொல்கிறது. விளைவு, டாக்டர் அவளைத் தொடவே பயப்படுகிறார். அவளோ போலீஸ் வரும் என்று பயந்து போலி டாக்டரிடம் போகிறாள். ஆனால் பயத்துக்கு மருந்து, தகவல் சொல்லிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவது. தகவல் சொல்லாதது குற்றம் என்றால் சிகிச்சை தராததும் குற்றம்தானே? பதினாறு, பதினேழு வயதில் காதலித்துக் கருவுற்றவர்கள் விஷயத்திலும் 2022 தீர்ப்பு ஒரு வழி சொன்னது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை டாக்டர் வெளியிடத் தேவையில்லை. இந்த ஒரு வரி எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

"வயிற்றில் இருக்கும் சிசு என்ன பாவம் செய்தது?"

சிசு பாவம் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. உண்மையிலேயே சிசுவின் மேல் அக்கறை இருந்தால், அவள் எட்டாவது வாரத்தில் வரும்போதே கதவைத் திறந்து விட வேண்டும். அப்போது துரத்திவிட்டு 28-வது வாரத்தில் தர்மம் பேசுவதற்குப் பெயர் கருணை இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

புதுச் சட்டம் வேண்டாம். இருப்பதைச் செய்தால் போதும்.

1. ஒவ்வொரு அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியிலும், தனியார் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையிலும், "எஃப்.ஐ.ஆர். வேண்டாம், கணவர் சம்மதம் வேண்டாம், 24 வாரம் வரை கோர்ட் உத்தரவு வேண்டாம், கட்டணம் வேண்டாம்" என்று தமிழில் பெரிய எழுத்தில் போர்டு வைக்க வேண்டும். லஞ்சம் வாங்குவது குற்றம் என்று வைத்திருக்கும் போர்டுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

2. வன்கொடுமைக்கு ஆளானவர் வந்தவுடன் கர்ப்பப் பரிசோதனை, அவசரக் கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து மூன்றும் அதே இடத்தில், அதே மணி நேரத்தில் கிடைக்க வேண்டும்.

3. மாவட்டத் தலைமை மருத்துவமனையே முடிவெடுக்க வேண்டும். மேலே அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஆள் துணையோடு அனுப்ப வேண்டும்.

4. 24 வாரம் தாண்டி கோர்ட்டுக்குப் போகும் மனுக்களை அன்றைக்கே எடுக்க வேண்டும். ஜாமீன் மனுவுக்கு இருக்கும் அவசரம் இதற்கு இல்லையா?

5. எம்.பி.பி.எஸ்., நர்சிங் பாடங்களில் 2014 நெறிமுறைகள் தேர்வுக்கு வரும் கேள்வியாக மாற வேண்டும். தேர்வுக்கு வராத எதையும் யாரும் படிப்பதில்லை என்பது மாணவர்களுக்குத் தெரியாததா?

6. சிகிச்சையை மறுத்த பொறுப்பாளர் மீது 200-வது பிரிவில் வழக்குப் போட வேண்டும். பிரிவை எழுதி வைத்துக்கொண்டு அலமாரியில் பூட்டினால் பூசாரிகள் மாறமாட்டார்கள்.

இதைப் படிப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தோழிக்கோ, தங்கைக்கோ, வகுப்பில் கூடப் படிக்கும் பெண்ணுக்கோ இப்படி நேர்ந்தால் முதலில் "ஏன் அங்கே போனே?" என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். எந்த நேரத்திலும் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. வாசலில் யாராவது எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்டால், எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். அவளால் அன்றைக்குக் கேட்க முடியாது.